மாத்திரை கொடுக்க மறந்தார்கள்: லோயிஸ் லோரியின் 'சன்' நாவலைப் பாடமாகப் படிப்பது

அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரியின் 'சன்' (Son, மகன்) நாவலைப் பற்றி எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் பத்தியிலேயே "தாய்ப்பாசத்தை எந்த அரசாலும் அழிக்க முடியாது" என்று எழுதிவிடுகிறார்கள். அதற்குமேல் கட்டுரை நகர மறுக்கிறது. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது போலிருக்கும்; மீதிப் பக்கங்களைக் கதைச்சுருக்கம் போட்டு நிரப்ப வேண்டி வரும். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது பாசத்தை மட்டும் பார்க்கிறது, பாசத்தை அமுக்கி வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பார்ப்பதில்லை. நாவலின் முதல் பகுதியில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. மிரட்டல்கூட அபூர்வம். ஒரு பெண்ணிடமிருந்து அவள் பெற்ற குழந்தையைப் பிரிக்கும் காரியம் பட்டியல், எண், மாத்திரை, பணிமாற்றம் என்று அலுவலகக் காரியமாகவே நடந்து முடிகிறது. அந்தக் காரியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எழுத விஷயம் தானாகக் கிடைக்கும்.

முடிவு உட்பட முழுக் கதையும் கீழே வருகிறது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் நாவல் நிற்கும் இடம். 1993இல் வந்த லோரியின் 'தி கிவர்' நாவலுக்கு அடுத்த ஆண்டு, அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் கிடைத்தது. அதே உலகில் 2000இலும் 2004இலும் இரண்டு நாவல்கள் வந்தன. 2012இல் வந்த 'சன்' நான்காவது, கடைசி. தனியாகப் படித்தாலும் புரியும். ஆனால் பாடமாகப் படிக்கும்போது 'தி கிவர்' கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நடுவிலுள்ள இரண்டையும் நேரமிருந்தால் படிக்கலாம். மூன்றாம் பகுதியில் வரும் சில மனிதர்களும் ட்ரேட்மாஸ்டர் என்ற தீய வியாபாரியும் அங்கிருந்து வருகிறவர்கள்.

கதை மூன்று பகுதி. முதல் பகுதியில் கிளேர் என்ற 14 வயதுப் பெண் கண் மறைக்கும் தோல் முகமூடியோடு பிரசவ மேசையில் கிடக்கிறாள். அவளுடைய சமூகத்தில் 12 வயதில் எல்லோருக்கும் தொழில் ஒதுக்குகிறார்கள். இவளுக்கு ஒதுக்கியது பிள்ளை பெறும் தொழில். பிரசவம் சிக்கலாகிறது, வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கிறார்கள். இனி இவள் பிள்ளை பெறத் தகுதியற்றவள் என்று முடிவு செய்து மீன்வளர்ப்பு நிலையத்துக்கு மாற்றுகிறார்கள். அங்கே போன பிறகும் பெற்ற பிள்ளையின் நினைப்பு அவளை விடவில்லை. தேடிப்போய்ச் சிசுப் பராமரிப்பு மையத்தில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். இரண்டாம் பகுதியில், கப்பலில் வெளியேறிக் கடல் விபத்தில் சிக்கி, நினைவிழந்து, செங்குத்தான பாறைச் சுவரின் அடியிலுள்ள மீனவக் கிராமத்தில் ஒதுங்குகிறாள். மூன்றாம் பகுதியில், பதின்வயதுப் பையனாக வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளை, கேப், தாயைத் தேடிப் போகப் படகு கட்டிக்கொண்டிருக்கிறான். அவனைப் பெற்றவள் அதே ஊரில் தொண்டு கிழவியாக, தூரத்திலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொட வேண்டாம். நான்கைந்து அமர்வில் கதையாகவே படித்து முடித்துவிடுங்கள். இது சிறுவர் வாசிப்புக்கு எழுதிய எளிய நடை, வேகமாக ஓடும். அந்த வேகம்தான் ஆபத்தும். எளிய நடையில் வரும் பயங்கரமான தகவல் எளிதாகவே கண்ணைக் கடந்துவிடுகிறது. அதனால் இரண்டாவது வாசிப்பு முதல் பகுதிக்கு மட்டும், மிக மெதுவாக.

அதற்கு ஒரு நோட்டில் நெடுக்கக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில், கிளேரின் உடலுக்கோ நாளுக்கோ யாராவது செய்யும் ஒரு காரியம்: முகமூடி மாட்டுவது, வைட்டமின் கொடுப்பது, தொழில் ஒதுக்குவது, வேறு கட்டடத்துக்கு அனுப்புவது. இரண்டாவதில், அதைச் செய்வது யார். மூன்றாவதில், அதற்கு அவர்கள் சொல்லும் காரணம். நான்காவதில், அந்த நேரத்தில் கிளேருக்கு என்ன தெரியும். 20 முதல் 25 வரிசை வரை வந்தால் போதும். அதற்கு மேல் போனால் கதையையே நகல் எடுக்கிறீர்கள் என்று பொருள்.

இந்த நோட்டின் பயன் மூன்றாவது பத்தியில்தான் தெரியும். பல வரிசைகளில் அது காலியாகவே இருக்கும். காரணம் சொல்ல வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை. சொல்லப்படும் இடங்களிலும் காரணம் கனிவாக, அவளுடைய நன்மைக்காக என்பதாக இருக்கும். இரண்டாவது பத்தியையும் கவனியுங்கள். பெயருள்ள கொடியவர் ஒருவரும் அதில் அகப்பட மாட்டார். எல்லோரும் தங்களுக்கு ஒதுக்கிய வேலையை ஒழுங்காகச் செய்கிற சாதாரண மனிதர்கள். "இந்தச் சமூகத்தின் வில்லன் யார்" என்று கேள்வி கொடுத்தால் மாணவர்கள் தடுமாறுவதும், கடைசியில் மூன்றாம் பகுதியின் ட்ரேட்மாஸ்டரைப் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். முதல் பகுதிக்கு அந்த விடை பொருந்தாது.

சொற்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனி இடம் ஒதுக்குங்கள். கருவுற்ற பெண்ணை அங்கே 'வெஸல்' (பாத்திரம்) என்கிறார்கள். பிறக்கும் குழந்தை 'ப்ராடக்ட்' (உற்பத்திப் பொருள்). கிளேர் பெற்றது 36ஆம் எண். கொல்வதற்குப் பெயர் 'ரிலீஸ்' (விடுவிப்பு). இந்தச் சொற்களெல்லாம் கொடூரமானவை என்று எழுதுவதில் பெரிய பயனில்லை. அது யாருக்கும் தெரியும். பயனுள்ள வேலை வேறு. கிளேர் எந்தப் பக்கத்தில் அதிகாரச் சொல்லைப் பயன்படுத்துகிறாள், எந்தப் பக்கத்தில் விட்டுவிடுகிறாள் என்று குறித்து வையுங்கள். எண்ணிலிருந்து 'அவன்' என்பதற்கும், அதிலிருந்து பெயருக்கும் அவள் நகரும் வரிசைதான் முதல் பகுதியின் உண்மையான கதையோட்டம். பிறந்தது ஆண் குழந்தை என்ற தகவலைக்கூட அவள் முயன்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள்.

இனி மாத்திரை. என் கணக்கில் இந்த நாவலின் அச்சாணி இதுதான். பாதிப் பேர் இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள்.

அந்தச் சமூகத்தில் பருவ வயதிலிருந்து எல்லோரும் நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்குகிறார்கள். 'தி கிவர்' அதைப் பாலுணர்வை அடக்கும் மாத்திரையாக அறிமுகம் செய்கிறது. 'சன்' நாவலில் அதன் வீச்சு பெரிதாகிறது: பற்று, ஏக்கம் எல்லாவற்றையும் மழுக்குகிறது. கருவுற்ற பெண்களுக்கு மட்டும் அது கிடையாது. பிரசவம் முடிந்ததும் மீண்டும் தொடங்கிவிட வேண்டும். கிளேர் விஷயத்தில் அது நடக்கவில்லை. பிரசவப் பிரிவிலிருந்து மீன்வளர்ப்பு நிலையத்துக்கு அவளை அவசரமாக மாற்றியபோது, அவளுக்கு மாத்திரை தொடங்க வேண்டும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. சக ஊழியர்கள் தினமும் விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் தனக்கு அது தரப்படவில்லை என்பதே அவளுக்கு உறைக்கிறது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கிளேர் புரட்சிக்காரி இல்லை. அவளுக்குப் பயிற்சி கொடுக்க ரகசிய இயக்கம் எதுவும் இல்லை. ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு ஆளை ஒப்படைக்கும்போது விட்டுப்போன ஒரு குறிப்பால் அவள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டு நிற்கிறாள். இளையோருக்கான டிஸ்டோபியா (கொடிய எதிர்காலச் சமூகத்தைக் காட்டும்) நாவல்களில் கதாநாயகிக்குப் பிறவியிலேயே தனித்திறமை இருப்பது வழக்கம். இவளுக்கு இருப்பது ஓர் எழுத்தர் பிழை. எல்லாவற்றையும் பதிவேட்டில் வைத்திருக்கும் ஆட்சிக்கு ஆபத்தும் பதிவேட்டிலிருந்தே வருகிறது.

இதிலிருந்து கடினமான கேள்வி ஒன்று கிளம்புகிறது, நல்ல கட்டுரைக்கு அதுதான் முதுகெலும்பு. மாத்திரை இல்லாவிட்டால் பாசம் தானாக ஊறும் என்று நாவல் நம்புகிறதா? அப்படியானால் தாய்மை என்பது உடம்பின் இயல்பு, கட்டுப்பாடு அதை வெளியிலிருந்து மூடி வைக்கும் தட்டு என்றாகிறது. இந்த நம்பிக்கையோடு வாதாட நிறைய இடமிருக்கிறது. பிள்ளை பெற்றும் உடனே ஒட்டுதல் வராத தாய்மாரும் உண்டு; பெறாமலே உயிரைக் கொடுத்து வளர்ப்பவர்களும் உண்டு. தாய்ப்பாசத்தைப் பெண்ணுடம்பின் விதியாக்குவதும் ஒருவகையில் கட்டுப்பாடுதானே என்று ஒரு மாணவி கேட்டால், அவள் நாவலைத் தவறாகப் படிக்கிறாள் என்று சொல்ல முடியாது.

ஆனால் நாவலின் தரப்பிலும் சாட்சி உண்டு. அதைக் காட்டத்தான் 'தி கிவர்' தேவைப்படுகிறது. அந்த நாவலில் ஜோனஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் மாத்திரையை நிறுத்தி நான்கு வாரமாகிறது என்ற குறிப்பு வருகிறது. அதே கேப் என்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு ஓடுபவன் அவன்தான். அவனுக்கும் குழந்தைக்கும் பெற்ற உறவு கிடையாது. மாத்திரை இல்லாத இருவர், ஒருத்தி பெற்றவள், ஒருவன் பெறாதவன், ஒரே குழந்தைக்காக எல்லாவற்றையும் விடுகிறார்கள். எதிர்முனையில் ஜோனஸின் அப்பா. சிசுப் பராமரிப்பாளர், கேப்பை வீட்டுக்கே கொண்டுவந்து கொஞ்சியவர். மாத்திரை விழுங்குகிறவர். இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் எடை குறைந்ததை ஊசி போட்டு 'ரிலீஸ்' செய்கிறவரும் அவரே, அதையும் கொஞ்சும் குரலிலேயே செய்கிறார். இந்த மூவரையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாவல் பிரிக்கும் கோடு ஆண், பெண் என்பதற்கு நடுவில் ஓடவில்லை என்பது தெளிவாகும். கொஞ்சத் தெரிவது வேறு, இழப்பை உணரத் தெரிவது வேறு என்ற இடத்தில் அது ஓடுகிறது. மூன்றாம் பகுதியில் லோரி அந்தக் கோட்டை ஓரளவு அழித்துவிடுகிறார் என்பது என் குறை. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டு நாவல்களையும் ஒரே காலக்கோட்டில் வைப்பது அடுத்த வேலை. அகலமான தாள் ஒன்றில் நடுவே கோடு போட்டு, மேலே ஜோனஸ் அறிந்தவை, கீழே கிளேர் அறிந்தவை என்று எழுதுங்கள். கோட்டை இணைக்கும் ஆணிகள் மூன்று: கேப் பராமரிப்பு மையத்தில் தேறாமல் இருப்பது, அவனுக்குக் கூடுதல் அவகாசம் கிடைப்பது, ஜோனஸ் அவனோடு மறைவது. ஒரே நிகழ்வு இரண்டு பக்கமும் எவ்வளவு மாறித் தெரிகிறது என்பது அப்போது விளங்கும். ஜோனஸுக்குப் பிள்ளை பெறும் பெண்கள் யாரோ முகம் தெரியாதவர்கள். அவன் தங்கை லில்லி அந்த வேலைக்கு ஆசைப்படும்போது, அதில் மரியாதையே இல்லை என்று அம்மா அதட்டுகிறாள். மூன்று வருடம், மூன்று பிரசவம், பிறகு வாழ்நாள் முழுக்க உடலுழைப்பு. 1993இல் நாலே வரியில் கடந்துபோன அந்தப் பெண்களில் ஒருத்திக்கு 2012இல் பெயரும் உடம்பும் கிடைக்கிறது. முந்தைய நாவலைப் படித்தபோது இவர்களைப் பற்றி நாமும் கேட்கவில்லை என்பதை வாசகர் உணரும் இடம் இது. இங்கே பலர் செய்யும் தவறு, இரண்டு நாவல்களுக்கும் இடையிலுள்ள சின்னச் சின்ன முரண்களை வேட்டையாடுவது. பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்டவை, முரண் இருக்கத்தான் செய்யும். மதிப்பெண் அதற்கில்லை.

1985இல் வந்த மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலோடு ஒப்பிடச் சொல்வது எல்லா வகுப்பிலும் நடக்கிறது. ஒப்பிடலாம். ஆனால் "இரண்டிலும் பெண்கள் பிள்ளை பெறும் கருவி ஆக்கப்படுகிறார்கள்" என்பதோடு நின்றால் ஒன்றும் கிடைக்காது. வேறுபாட்டைப் பிடியுங்கள். அட்வுட்டின் நாயகிக்கு முந்தைய வாழ்க்கை நினைவிருக்கிறது. கணவன், மகள், சொந்தச் சம்பளம் எல்லாம் பறிபோனதை அவள் அறிவாள். கிளேருக்குப் பறிபோக முந்தைய வாழ்க்கையே இல்லை. பெற்றவள் பிள்ளையை வளர்ப்பாள் என்ற செய்தியே அவள் கேள்விப்படாதது. எனவே அட்வுட்டின் நாவலில் துக்கத்துக்குச் சொல் இருக்கிறது, இங்கே துக்கம் முதலில் வருகிறது, சொல் பின்னால் தேடப்படுகிறது. இளையோருக்கு எழுதும்போது இந்த வழி ஏன் பொருந்துகிறது என்பது தனிக் கட்டுரைக்கு ஆகும்.

வரலாற்றைப் பக்கத்தில் வைக்காமல் இந்த வகை நாவலைப் படித்தால் அது வெறும் கற்பனை விளையாட்டாகப் போய்விடும். மூன்று நாடுகள் போதும்.

ருமேனியாவில் 1966இல் 770ஆம் எண் ஆணை வந்தது. 45 வயதுக்கு உட்பட்ட, நான்கு பிள்ளைக்குக் குறைவாகப் பெற்ற பெண்களுக்குச் சில விதிவிலக்குகள் தவிரக் கருக்கலைப்பு தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே பிறப்பு எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்கானது. பிள்ளையில்லாதவர்களுக்குத் தனி வரி போட்டார்கள். 1980களில் பணியிடங்களிலேயே பெண்களுக்கு மகப்பேறு பரிசோதனை நடத்திக் கர்ப்பத்தைக் கண்காணித்தார்கள். மறைவாகச் செய்துகொண்ட கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறந்தார்கள். 1989 டிசம்பரில் கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்த கையோடு ரத்து செய்யப்பட்டவற்றில் இந்த ஆணையும் ஒன்று. நாவலின் உணவுக் கண்காணிப்பையும் உடல் பரிசோதனைகளையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம்.

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. பிடித்துச் செல்லப்பட்ட கர்ப்பிணிகள் ரகசிய முகாம்களில் பிள்ளை பெற்றார்கள். குழந்தைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டு, பெற்றவர்களைக் காணாமல் ஆக்கினார்கள். பேரப்பிள்ளைகளைத் தேடி 1977இல் பாட்டிமார் சேர்ந்து அமைத்த 'பிளாசா டே மாயோ பாட்டிமார்' இயக்கம் இன்றும் தேடுகிறது. 130க்கும் மேற்பட்டவர்களின் அடையாளம் மீட்கப்பட்டிருக்கிறது. அதற்காகவே 1987இல் சட்டப்படி ஒரு மரபணு வங்கி உருவானது. பிரித்தவர்கள் மறைத்த பதிவுக்கு மாற்றாக, தேடுபவர்கள் உடம்பிலிருந்தே ஒரு பதிவேடு தயாரித்தார்கள். கேப்பும் கிளேரும் ஒருவரையொருவர் தேடும் மூன்றாம் பகுதிக்கு இதைவிட நெருக்கமான இணை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஆஸ்திரேலியா. முதல் அத்தியாயத்தின் முகமூடி மிகைக் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு இது. 1950களிலிருந்து 1970கள் வரை அங்கே மணமாகாத தாய்மாரின் குழந்தைகளைப் பெருமளவில் பிரித்துத் தத்துக் கொடுத்தார்கள். குழந்தையைப் பார்த்துவிடக் கூடாதென்று பிரசவ நேரத்தில் தாயின் பார்வைக்குக் குறுக்கே துணியையோ தலையணையையோ பிடித்த வழக்கம் இருந்தது. 2013 மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்தத் துணியைப் பிடித்தவர்களும் நல்லது செய்வதாக நம்பிய செவிலியர்கள்தான். உங்கள் நோட்டின் மூன்றாவது பத்தியை இங்கே திரும்பிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த நிகழ்வுகளிலிருந்து லோரி கதையை எடுத்தார் என்று எழுதாதீர்கள். ஒற்றுமை இருக்கிறது என்பது ஒன்று, மூலம் இதுதான் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும். ஆசிரியரின் வாழ்க்கையைத் தொடும்போதும் அதே கவனம். லோரியின் மகன் அமெரிக்க விமானப்படை விமானி, 1995இல் இறந்தார். பிரிந்த மகனைத் தேடும் தாயின் கதைக்குப் பின்னால் இந்த இழப்பைக் காண்பது இயல்பு. ஒரு வரியில் குறிப்பிடலாம். அதையே கட்டுரையின் திறவுகோலாக்கினால் மாத்திரை, முகமூடி, எண் எல்லாம் அலங்காரமாகிவிடும்.

இரண்டாம் பகுதியை வகுப்பில் பெரும்பாலும் வேகமாகக் கடத்துகிறார்கள். கட்டுப்பாட்டு ஊர் முடிந்தது, இனி சாகசம் என்ற எண்ணம். ஆனால் அந்த மீனவக் கிராமம் சுதந்திர நாடில்லை. நிறங்களையும் விலங்குகளையும் முதன்முதலாக அறியும் கிளேர், மனிதர்கள் பெயர் சொல்லிப் பிள்ளை வளர்ப்பதையும் இங்கேதான் பார்க்கிறாள். மருத்துவச்சி அலிஸ் ஒரு பிரசவம் பார்க்கும்போது உடனிருந்து உதவுகையில் அவளுக்கு நினைவு திரும்புகிறது. ஒரு பிரசவத்தில் மறைக்கப்பட்டது இன்னொரு பிரசவத்தில் வெளிப்படுகிறது; முதல் அத்தியாயத்தையும் இந்தக் காட்சியையும் அடுத்தடுத்து வைத்து, யார் பேசுகிறார்கள், தாய் எதைப் பார்க்க முடிகிறது, குழந்தை யார் கைக்குப் போகிறது என்ற மூன்றை மட்டும் ஒப்பிட்டால் ஒரு முழுப் பக்கம் எழுதலாம். அதே ஊரில், மணமாகாமல் பிள்ளை பெற்றவள் என்று தெரிந்ததும் சிலர் முகம் திரிகிறது. மாத்திரையும் பதிவேடும் இல்லாத இடத்தில் அந்த வேலையை ஊர்வாய் செய்கிறது. இதைக் குறிக்காமல் விட்டால் நாவல் சொல்வதில் பாதி போய்விடும்.

பாறை ஏறும் பயிற்சி நீளம் என்று சலிப்பவர்கள் உண்டு. ஊனமுற்ற ஐனர் அவளுக்கு ஆண்டுக்கணக்கில் உடலைப் பழக்குகிறான். முதல் பகுதியில் அவள் உடம்பு மற்றவர்கள் அளந்து, ஊட்டி, பயன்படுத்தி, தகுதி நீக்கிய ஒன்று. இங்கே அதே உடம்பைத் தன் காரியத்துக்காக அவளே தயார் செய்கிறாள். நீளத்துக்குக் காரணம் அது. உச்சியில் ட்ரேட்மாஸ்டர் காத்திருக்கிறான். மகனிருக்கும் இடம் தெரிய வேண்டுமானால் இளமையைக் கொடு என்கிறான். அவள் கொடுக்கிறாள்.

இங்கிருந்துதான் என் சண்டை. கட்டுப்பாடு என்பது முகமற்ற நிர்வாகம் என்று முதல் பகுதி முழுக்கக் காட்டிய நாவல், கடைசியில் அதை ஒரு மாய மனிதனுக்குள் அடைத்துவிடுகிறது. பிறர் உணர்வுக்குள் புகும் தன் வரத்தால் கேப் அவனை வெல்கிறான், கிளேருக்கு இளமை திரும்புகிறது. மனத்துக்கு நிறைவுதான். ஆனால் அந்தப் பழைய சமூகத்தில் இன்றும் யாரோ ஒரு 14 வயதுப் பெண்ணுக்கு முகமூடி மாட்டிக்கொண்டிருக்கலாம். அதை யார் நிறுத்துவது? இதற்கு எதிர்வாதமும் வலுவானது: கிளேர் செய்த பேரம் தாய்மாரிடம் உலகம் எப்போதும் கேட்பதுதான், உன் இளமையைக் கொடு என்று, அதைத் தியாகம் என்று புகழாமல் தீயவன் ஒருவனின் கொள்ளையாக லோரி காட்டுகிறார், திருப்பியும் கொடுக்க வைக்கிறார். இரண்டில் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, மற்றப் பக்கத்துக்குப் பதில் சொல்லிவிட்டு நில்லுங்கள்.

1500 சொல் கட்டுரைக்கு மூன்று காட்சிகளுக்கு மேல் எடுக்காதீர்கள். காட்சிக்கு 350 சொல் வைத்தால், முன்னுரைக்கும் எதிர்வாதத்துக்கும் மீதி சரியாக இருக்கும். ஐந்து காட்சி எடுத்தவர்கள் கடைசி இரண்டில் கதைச்சுருக்கத்துக்குள் விழுந்துவிடுவார்கள். முகமூடி, மாத்திரை, பேரம் என்ற மூன்று பாதுகாப்பான தேர்வு. முகமூடி, மருத்துவச்சி வீட்டுப் பிரசவம், ஊர்வாய் என்ற மூன்று அதைவிடச் சுவாரஸ்யமானது. மேற்கோள் ஒவ்வொன்றும் ஒன்றரை வரிக்குள் இருக்கட்டும். மேற்கோளுக்குப் பின் "இதிலிருந்து தெரிவது என்னவென்றால்" என்று தொடங்கும் வாக்கியம் வந்தால் அதை வெட்டிவிட்டு, அந்த மேற்கோளில் ஒரு சொல்லைப் பற்றி எழுதுங்கள்.

குழுவாகப் படிப்பதானால் பகுதிக்கு ஒரு சந்திப்பு, ஒன்றரை மணி நேரம், எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கட்டாயப் பிரசவம், சிசுக் கொலை, பிள்ளையைப் பறிகொடுப்பது எல்லாம் வருவதால், என்ன வரும் என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. கருக்கலைந்தவரோ தத்து வந்தவரோ குழுவில் இருக்கக்கூடும், யார் என்று கேட்கவும் கூடாது. பேச்சு தடம் புரளும் இடம் ஒன்று உண்டு: "நீங்களாக இருந்தால் மாத்திரையை நிறுத்துவீர்களா?" எல்லோரும் நிறுத்துவேன் என்பார்கள், பேச்சு அங்கேயே படுத்துவிடும். பதிலாக, "மாத்திரையை விரும்பி விழுங்கக்கூடியவர் இந்த ஊரில் யார், ஏன்?" என்று கேளுங்கள். பிள்ளையைப் பிரிந்து மீண்டும் பணிக்குத் திரும்பும் மற்றப் பெண்களின் பெயர்கள் அப்போதுதான் மேசைக்கு வரும்.

மூன்றாவது சந்திப்புக்கு ஒரு வீட்டுப்பாடம். கிளேரை வளர்த்த குடும்பம் அவளைப் பெற்ற குடும்பம் இல்லை. அந்த ஊரில் யாருமே பெற்றவர்களிடம் வளர்வதில்லை. அப்படியானால் கிளேரைப் பெற்றவள் யார், அவளுக்கு என்ன ஆயிற்று? மகனைத் தேட உயிரையே பணயம் வைக்கும் நாவலில் இந்தக் கேள்விக்கு எத்தனை வரி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று முதல் பகுதியைப் புரட்டி எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.